தொடக்கப் பள்ளியில் ஒரு வௌவால் குகை: குடைக்கம்பி, சோப்பு டப்பா, தேக்கஞ்சருகு

மதுரைக்கு மேற்கே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக ஒரு வௌவால் குகையையும் அதைச் சுற்றிய சில செயல்பாடுகளையும் தை, மாசி மாதங்களில் செய்து பார்த்தோம். முதலில் போட்ட திட்டத்தில் பாதி கழன்றுபோய், மீதி பாதி ஒருவழியாக நன்றாக நிலைத்துவிட்டது. அளவுகளும் விலைகளும் மறந்துபோவதற்குள் அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு பள்ளியில் செய்ய நினைப்பவர்கள் குகையைவிடக் குடை, சோப்பு டப்பா, சருகு ஆகிய மூன்றைப் பற்றிய பகுதிகளைக் கவனமாகப் படித்தால் போதும்.

எங்கள் பிள்ளைகளுக்கு வௌவால் புதிதன்று. கண்மாய்க்கரை ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் தொங்குவதையும், மாலையில் தெருவிளக்கைச் சுற்றிச் சிறு வௌவால்கள் பூச்சி பிடிப்பதையும் அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் வரையச் சொன்னால், கோரைப்பல்லும் சிவந்த கண்ணும் கொண்ட பேய்ப்பட வௌவாலைத்தான் வரைகிறார்கள். ஆகவே பாடத்தின் நோக்கம் வௌவாலை அறிமுகப்படுத்துவதன்று. அதன் கை, கால், காது, மூக்கு, கண் ஆகியவை எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பிள்ளைகள் தங்கள் உடம்பாலேயே உணரச் செய்வதுதான்.

தொடங்குமுன் ஒன்றை முடிவு செய்துகொண்டோம். உயிருள்ள வௌவாலோ, செத்ததோ, அதன் எச்சமோ, அது கடித்துப் போட்ட பழமோ வகுப்பறைக்குள் வரவே கூடாது. வௌவால் வழியாகப் பரவும் நிபா வைரஸ் பற்றிக் கேள்விப்பட்டிருந்த தாய் ஒருவர், "வௌவாலுன்னாலே காய்ச்சல் வரும்ங்கறாங்களே டீச்சர்" என்று முதல் நாளிலேயே கேட்டார். அது நியாயமான கேள்வி. தரையில் கிடக்கும் வௌவாலைத் தொடக் கூடாது, கடித்த பழத்தைத் தின்னக் கூடாது, கீறியோ கடித்தோ விட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்ற மூன்று விதிகளையும் பிள்ளைகள் ஒப்பிக்கும்வரை வேறு எதையும் தொடங்கவில்லை. பெற்றோரும் அந்த மூன்றையும் கேட்டபின் தாமாகவே பழைய சேலைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

குகைக்கு மின்கம்பி செலுத்தும் சாதாரண பி.வி.சி. குழாயையே வாங்கினோம். பத்தடி நீளக் குழாய் ஒன்று 70 ரூபாய். எட்டடி நீளம், ஆறடி அகலம், ஆறடி உயரம் என்று திட்டமிட்டதில் பன்னிரண்டு குழாய்கள் ஆயின. எட்டடித் துண்டு வெட்டினால் இரண்டடியும் ஆறடித் துண்டு வெட்டினால் நான்கடியும் வீணாகின்றன என்பது வெட்டி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. ஐந்தடிக் கனசதுரமாகச் செய்திருந்தால், குழாயைப் பாதியாக வெட்டி, ஆறே குழாயில் பன்னிரண்டு விளிம்புகளையும் முடித்திருக்கலாம். பிள்ளைகளின் உயரம் ஏறத்தாழ நான்கடிதான் என்பதால் அவர்களுக்கு ஐந்தடி தாராளம். ஆசிரியர் மட்டும் குனிந்து போக வேண்டும். மூன்று குழாய்கள் சேரும் மூலை இணைப்பு எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. பழைய சைக்கிள் ட்யூபை விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து இழுத்துச் சுற்றிக் கட்டினோம். பிள்ளைகள் சாய்ந்தால் வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிற்கும் இந்தக் கட்டு, கடை இணைப்பைவிட மேலானது என்பது என் கருத்து.

மேலே போர்த்துவதற்கு ஒருவர் தோட்டத்தில் மிஞ்சிய, களை வராமல் மண்மேல் விரிக்கும் கறுப்பு மல்ச்சிங் ஷீட்டை இலவசமாகத் தந்தார். இருட்டு முழுமையாகக் கிடைத்தது. கூடவே புழுக்கமும் பிளாஸ்டிக் வாடையும் கிடைத்தன. உள்ளே ஐந்து பிள்ளைகள் சில நிமிடங்கள் இருந்ததும் வியர்த்து வழிந்தார்கள். மூக்கை வைத்து விளையாட வேண்டிய விளையாட்டும் அந்த வாடையில் கெட்டது. ஷீட்டை உருவிவிட்டு, கருநீலம், பழுப்பு, கரும்பச்சை நிறப் பருத்திச் சேலைகளை இரண்டடுக்காகப் போட்டோம். பக்கவாட்டில் தரையிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டதால் காற்றும் வந்தது. கூரையின் உட்புறம், நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளைக் கசக்கிப் பிரித்து நூலால் கட்டியதும் பாறை போலத் தெரிந்தது. சிமெண்ட் பையின் தாள் இன்னும் பொருத்தமாக இருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. அதன் தூசி பிள்ளைகளின் கண்ணுக்கு ஆகாது என்பதால் வேண்டாம் என்றேன்.

முழு இருட்டு எங்களுக்குப் பயன்படவே இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் அழுதார்கள், மற்றவர்கள் பேய்ச் சத்தம் போட்டார்கள், யாரும் எதையும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு சிறிய எல்.இ.டி. டார்ச்சின் முகத்தில் ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தாளை நான்காக மடித்துக் கட்டி, கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து இருக்கும் வெளிச்சத்தின் அளவு வரும்வரை மடிப்புகளைக் கூட்டிக் குறைத்தோம். வௌவால்கள் புறப்படும் நேரத்து வெளிச்சம் அதுதான். மின்சார இணைப்பை உள்ளே கொண்டுபோகவில்லை. பிள்ளைகளை வாசலில் சிறிது நேரம் உட்காரவைத்து, கண் பழகிய பின் ஐந்தைந்து பேராக அனுப்பினோம். அந்த மங்கலில் அவர்கள் பயப்படவில்லை; கிசுகிசுத்தார்கள், தேடினார்கள்.

தேடுவதற்கு உள்ளே உண்மையான அளவில் வெட்டிய வௌவால்களைத் தொங்கவிட்டிருந்தோம். சிறகு விரித்தால் 120 செ.மீ. இருக்கும் பழந்தின்னி, 45 செ.மீ. அளவில் குட்டைமூக்குப் பழவௌவால், 20 செ.மீ. அளவில் தெருவிளக்கு வௌவால் என மூன்று வகை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இரு கைகளையும் விரித்துப் பழந்தின்னி அட்டைக்குப் பக்கத்தில் நின்றபோது விரல்நுனிகள் ஏறக்குறைய ஒத்துப்போயின. அதன்பின் எல்லாரும் அளந்து பார்க்காமல் நகரவில்லை. எடைக்கு ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பழந்தின்னிக்கும், ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைத் தெருவிளக்கு வௌவாலுக்கும் வைத்தோம். பழந்தின்னியில் பெரியவை ஒன்றரைக் கிலோ வரை போகும் என்றாலும், பொட்டலத்தைத் தூக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு ஒரு கிலோவே போதுமானது.

வௌவால் ஏன் தூங்கும்போது விழுவதில்லை என்ற கேள்விக்கு ஒரு கால் மாதிரி செய்தோம். கெட்டி அட்டையில் ஐந்து விரல்களுடன் பாதம் வெட்டி, ஒவ்வொரு விரலிலும் மூன்று இடங்களில் மடிப்புக் கோடு கீறி, கோடுகளுக்கு இடையே ஒரு செ.மீ. நீளக் குழாய்த் துண்டுகளை ஒட்டி, அவற்றுக்குள் நூலை நுழைக்க வேண்டும். குளிர்பானம் உறிஞ்சும் பிளாஸ்டிக் குழலுக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை. காகிதக் குழலோ நசுங்குகிறது. மை தீர்ந்த ரீஃபில்களை வெட்டிப் பயன்படுத்தினோம். ஃபெவிகால் அதில் ஒட்டாது, ஹாட் குளூ ஒட்டும். சணல் நூல் சிக்குகிறது. தூண்டில் நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஐந்து நரம்புகளையும் கீழே சேர்த்து, கூழாங்கல் போட்ட துணிப்பையில் முடிந்தால், பையின் எடையே விரல்களை மடக்கிக் குகையின் குழாயைப் பிடித்துக்கொள்ளும். பையைக் கையால் தூக்கினால் விரல் திறந்துகொள்ளும். வௌவாலின் காலிலும் உடல் எடைதான் தசைநாணை இழுத்து நகங்களைப் பூட்டுகிறது. பிடித்துக்கொண்டிருக்க அது சிரமப்பட வேண்டியதில்லை. 200 கிராமுக்கு மேல் கல் போட்டதும் அட்டை கிழிந்தது. அட்டையின் இரு பக்கமும் காடாத் துணி ஒட்டியபின் தாங்கியது.

இனிக் குடை. வௌவாலின் சிறகு என்பது தோல் போர்த்திய கைதான் என்பதை வார்த்தையால் சொல்லி ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற முடியாது. கிழிந்த குடையைச் சிறகாக்கலாம் என்பது பலரும் அறிந்த யோசனை; ஆனால் அதை எந்த இடத்தில் வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் கிடைத்தது மூன்று மடிப்புக் குடை. அதன் கம்பிகளில் மூட்டுகள் இருப்பதால் குழந்தை கையை அசைத்ததும் மடங்கிச் சரிந்தது, ஒரு கம்பி பிதுங்கி நின்றது. அதை ஒதுக்கிவிட்டு, குடை பழுது பார்ப்பவரிடம் தாத்தாமார் பிடிக்கும் நீளக் குடைகள் நான்கை, ஒன்று 30 ரூபாய் என்று வாங்கினோம். துணி நன்றாகவும் பிடி உடைந்தும் இருக்கும் குடைகளைத் தேர்ந்து எடுக்கச் சொன்னதும், "இதெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்றவர், வௌவாலுக்கு என்றதும் ஐந்தாவது குடையைச் சும்மா கொடுத்தார்.

எட்டுக் கம்பிக் குடையில் எட்டுத் துணித்துண்டுகள் இருக்கும். அதைச் சரிபாதியாகக் கம்பியின் மேலேயே வெட்டினால் ஒரு பாதிக்கு ஐந்து கம்பிகளும் மற்றதற்கு மூன்றும் போகின்றன. அப்படி வெட்டாமல், எதிரெதிரான இரண்டு கம்பிகளையும் ஒட்டி, ஒரே சுற்றுத் திசையில் ஒவ்வொன்றின் ஒரு பக்கமாகத் துணியை வெட்டினால், ஒவ்வொரு பாதிக்கும் நான்கு கம்பிகளும் நான்கு துண்டுகளும் வரும். கடைசித் துண்டின் ஓரம் கம்பியில்லாமல் தொங்கும். வௌவாலின் சிறகும் இப்படித்தான் இருக்கிறது. கட்டைவிரல் தனியாக வெளியே நிற்க, மற்ற நான்கு விரல்கள் சவ்வைத் தாங்க, கடைசிப் பகுதி எலும்பில்லாமல் உடலின் பக்கவாட்டில் சேர்கிறது. இதைக் கண்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. குடை செய்தவர் வௌவாலைப் பார்த்துத்தான் செய்திருப்பாரோ என்று மூன்றாம் வகுப்பில் ஒருவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

வெட்டிய பின் செய்ய வேண்டியவை: நடுத்தண்டையும், கம்பிகளைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளையும் கட்டிங் பிளேயரால் நீக்க வேண்டும். 58 செ.மீ. இருந்த கம்பிகளை 40 செ.மீ. ஆக்கினோம், இல்லாவிட்டால் இரண்டு பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் பறக்க முடியாது. கம்பிகளின் உள்முனையில் இருக்கும் சிறு துளைகளில் கட்டுக்கம்பியைக் கோர்த்து முறுக்கி, அதன்மேல் சைக்கிள் ட்யூப் பட்டையைச் சுற்றினால் கைப்பிடி தயார். வெளிமுனைதான் ஆபத்து. அரத்தால் தேய்த்து, எம்-சீல் உருண்டை வைத்து, காய்ந்ததும் சைக்கிள் வால்வ் ட்யூபை மேலே ஏற்றினோம். கைப்பிடியில் ஒரு துணிக் கிளிப்பைக் கட்டைவிரலாக மாட்டினோம். கிளையைப் பற்றி ஏறுவதற்கு வௌவால் அதைத்தான் பயன்படுத்துகிறது. தொங்கும் ஓரத்தை நாடாவால் கணுக்காலில் கட்டியபோது பிள்ளைகள் தடுக்கி விழுந்தார்கள், எனவே இடுப்போடு நிறுத்திவிட்டோம். முழங்கையை மடக்கிப் பிடித்தால் சிறகின் விரிவு 150 செ.மீ. வருகிறது, பெரிய பழந்தின்னியின் அளவும் அதுவே. பறந்து முடித்ததும் ஒவ்வொருவரும் தம் கையைத் தாளில் வைத்துக் கோடு வரைந்து, விரல்நுனிகளை வளைகோட்டால் இணைத்து, சுண்டுவிரலிலிருந்து தாளின் ஓரம்வரை இழுத்தார்கள். அந்தப் படத்தை வரைய நான் எந்த விளக்கமும் தர வேண்டியிருக்கவில்லை.

சோப்பு டப்பாவுக்குள் செய்தது எதிரொலிக் கருவி. தூரம் அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 உணரி 80 ரூபாய், நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோ நானோவின் மலிவுப் படி 280, பஸ்ஸர் 20, பேட்டரித் தாங்கி 30, பென்சில் பேட்டரி நான்கு 60, சோப்பு டப்பா 25. ஒரு கருவிக்கு 495 ரூபாய், இரண்டு செய்தோம். இந்த உணரி 40 கிலோஹெர்ட்ஸில் ஒலித்துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தை மைக்ரோ விநாடியில் தருகிறது. அதை 58-ஆல் வகுத்தால் செ.மீ. கிடைக்கும். மனிதர்க்குக் கேட்கும் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் என்பதால் உணரியின் குரல் நமக்குக் கேட்காது. பூச்சி பிடிக்கும் வௌவால்கள் பலவற்றின் குரலும் இந்த 40-ஐ ஒட்டியோ அதற்கு மேலோதான் இருக்கிறது. தூரத்தை நான்கால் பெருக்கி, அத்தனை மில்லி விநாடிக்கு ஒருமுறை பஸ்ஸர் ஒலிக்கும்படி நிரல் எழுதினோம். இரண்டு மீட்டரில் சோம்பலாக ஒலிப்பது, ஒரு சாண் தூரத்துக்குள் வந்ததும் படபடக்கும். இரையை நெருங்கும்போது வௌவாலும் தன் ஒலிகளை இப்படித்தான் நெருக்குகிறது. கடைசி நொடியில் அது விநாடிக்கு நூற்றுக்கு மேல் போய்விடும்.

உணரியின் இரண்டு கண்களுக்கும் 16 மி.மீ. விட்டத்தில் துளை வேண்டும், மையங்களுக்கு இடையே 26 மி.மீ. சூடான ஆணியால் குத்தி, வட்ட அரத்தால் பெரிதாக்குவதே எளிது. துளையிடும் கருவி வைத்தால் டப்பா பிளக்கிறது. மின்சாரத்துக்குப் பவர்பேங்க் நன்றாக இருக்கும் என்று நினைத்தோம். கருவி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், கைப்பேசி நிறைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு பவர்பேங்க் தானாக அணைந்துவிடுகிறது. ஒன்பது வோல்ட் பேட்டரி மதியத்துக்குள் தளர்ந்து தவறான தூரங்களைக் காட்டியது. நான்கு பென்சில் பேட்டரிகளில் பல வகுப்புகள் ஓடின. முதலில் இதைத் தொப்பியின் நெற்றியில் பொருத்தினோம். அங்கிருந்து பெஞ்சும் நாற்காலியும் அதன் பார்வைக்குக் கீழே போய்விட்டன. உணரி பார்க்கும் கோணம் ஏறத்தாழ 15 பாகைதான். கையில் டார்ச் போலப் பிடித்து வீசிப் பார்க்கும்படி மாற்றியதும் பிள்ளைகள் தாமாகவே மேலும் கீழும் துழாவக் கற்றுக்கொண்டார்கள்.

எதிர்பாராமல் கிடைத்தது இதன் பின்னர்தான். சுவருக்கு நன்றாக ஒலித்த டப்பா, குகையின் சேலைச் சுவருக்கு மிக அருகில் போகும்வரை மௌனம் காத்தது. சாய்த்துப் பிடித்த சார்ட் அட்டைக்கும் ஒலிக்கவில்லை, ஏனென்றால் எதிரொலி வேறு பக்கம் போய்விடுகிறது. கருவி பழுது என்று கழற்றத் தொடங்கிய நேரத்தில், சேலைக்குப் பதில் சிலேட்டைப் பிடித்துப் பார்த்து, "டீச்சர், துணி சத்தத்தைத் தின்னுது" என்றாள் ஒருத்தி. அதையே விளையாட்டாக்கினோம். ஒரே அளவில் இரண்டு அட்டைப் பூச்சிகள். ஒன்று வெறும் அட்டை, மற்றதன்மேல் பஞ்சு ஒட்டியது. பஞ்சுப் பூச்சியை டப்பா கண்டுபிடிக்க மிகவும் கிட்டே போக வேண்டியிருந்தது. அந்துப்பூச்சிகளின் உடலிலும் சிறகிலும் உள்ள மயிரும் செதிலும் வௌவாலின் ஒலியை உறிஞ்சிக்கொள்வது இயற்கையிலும் உண்டு. கழற்றிய திருகாணியைத் திரும்பப் போட்டுவிட்டு, அன்றைய பாடத்தை அவள் சொன்னதிலிருந்தே நடத்தினோம்.

கண்ணைக் கட்டி ஆடும் ஆட்டம் ஒன்றும் இருந்தது. நடுவில் நிற்பவர் வௌவால். அவர் கைதட்டினால் பூச்சிகள் கைதட்டிப் பதில் சொல்ல, ஓசையைக் கொண்டு பிடிக்க வேண்டும். கண்ணாமூச்சி தெரிந்த பிள்ளைகளுக்கு இது உடனே பிடித்துப்போனது. பூச்சிகள் மூன்றுக்கு மேல் போனால் ஓசை குழம்புகிறது, மற்றவர்கள் கைகோர்த்து வட்டச்சுவராக நிற்காவிட்டால் தலைகள் மோதுகின்றன. இவற்றைச் சரிசெய்து ஆட்டம் நன்றாகவே நடந்தது. ஆனால் மறுநாள் வரைந்த படங்களில் வௌவால்களுக்குக் கண் மூடியிருந்தது, சிலவற்றில் கண்ணே இல்லை. வௌவாலுக்குக் கண் தெரியாது என்ற பழைய தப்பெண்ணத்தை ஆட்டமே ஊட்டிவிட்டது. எங்கள் ஆலமரத்துப் பழந்தின்னி எதிரொலியைப் பயன்படுத்துவதே இல்லை. பெரிய கண்ணாலும் மூக்காலும்தான் பழத்தைத் தேடுகிறது. எனவே கண்கட்டைக் கைவிட்டு, அதே ஆட்டத்தைக் குகையின் மங்கலில் கண் திறந்தபடி ஆடவிட்டோம். கண்ணும் கொஞ்சம் உதவும், காதும் உதவும் என்பதை அவர்கள் அங்கே கண்டார்கள். குகைக்குச் செலவழித்த பணம் இந்த ஓர் ஆட்டத்துக்காகவே வீணாகவில்லை என்று சொல்வேன்.

சருகு விளையாட்டு மதுரையிலேயே நடந்த ஆய்விலிருந்து எடுத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஜி. மாரிமுத்துவும் அவருடன் பணியாற்றியவர்களும், தவளையையும் எலியையும் பிடித்துத் தின்னும் பெருங்காது வௌவால், இரை அசையும்போது எழும் ஓசையைக் கேட்டே அதைப் பிடிக்கிறது என்பதை 1980-களில் காட்டினார்கள்; அசையாமல் கிடக்கும் தவளையை அது கண்டுகொள்ளவில்லை. வகுப்பில் தரையில் சருகைப் பரப்பி, தூண்டில் நரம்பில் கட்டிய அழிப்பானை ஒரு பிள்ளை இழுக்க, ஏழெட்டு அடி தள்ளி முதுகு காட்டி உட்கார்ந்த பிள்ளை ஓசை வரும் திசையைக் கையால் காட்ட வேண்டும். வேப்பஞ்சருகு ஓசையே தரவில்லை. தேக்கஞ்சருகு மொறமொறவென்று கேட்டது, அதுவும் வெயிலில் ஒரு நாள் காய்ந்திருந்தால்தான். மின்விசிறியை நிறுத்தாமல் இதை ஆட முடியாது. இந்த வௌவாலின் இரண்டு காதுகளும் நெற்றியில் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். அதே போல 20 செ.மீ. உயரத்தில் ஒரே அட்டையில் வெட்டி ரிப்பனில் ஒட்டிய காதுகளை அணிந்து, உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக் கேட்டபோது திசை சொல்வது தெளிவாகக் கூடியது. எல்லாச் செயல்பாடுகளிலும் செலவே இல்லாததும், பிள்ளைகள் முழு அமைதியாக இருந்ததும் இதுதான்.

தாய் வௌவால் கூட்டத்தில் தன் குட்டியை அதன் குரலாலும் மணத்தாலும் அறிகிறது என்பதற்காக, மருந்துக் குப்பிகளில் பஞ்சு வைத்து, ஏலம், காப்பித்தூள், மல்லிகை, சுக்கு, பெருங்காயம், கற்பூரம் என்று இரண்டிரண்டு குப்பிகள் செய்தோம். பெருங்காயமும் கற்பூரமும் மற்றவற்றை விழுங்கிவிட்டன. அவற்றை எடுத்துவிட்டுச் சோம்பும் ரோஜா இதழும் சேர்த்தபின் தாய்கள் குட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். மூடியில் ஊசியால் மூன்று துளைகள் போதும். மல்லிகை மறுநாளே அழுகிவிடும்.

பொங்கல் கரும்பு மிச்சமிருந்ததால் சக்கை துப்பும் பாடம் தானாக அமைந்தது. பழவௌவால் சாற்றை உறிஞ்சிவிட்டு நாரைச் சக்கையாகத் துப்புகிறது, விதைகளை மரத்தடியில் போட்டுப் போகிறது. பிள்ளைகள் கரும்பு மென்றார்கள், துப்பினார்கள், பிறகு கொய்யா விதைகளைக் கழுவித் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊன்றினார்கள்.

மூன்றாம் வகுப்புக்கு மட்டும் இழுப்பறை விளையாட்டு ஒன்று. 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தேயிலைத் தோட்டக்காரர் தேனிப் பக்கத்து மேகமலையில் பிடித்த ஒரு பழவௌவாலை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் குட்டைமூக்குப் பழவௌவால் என்றே வைத்திருந்தார்கள். தாய்லாந்தைச் சேர்ந்த விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை மறுபடி ஆராய்ந்து, புதிய இனம் என்று 1972-இல் பறவையியலாளர் சலீம் அலியின் பெயரால் அறிவித்தார். ஒரு வேறுபாடு வால்: குட்டைமூக்கனுக்குச் சிறு வால் உண்டு, இதற்கு வெளியே தெரியும் வால் இல்லை. அட்டைப் பெட்டியில் இருபது வௌவால் படங்களைப் போட்டு, வாலில்லாத ஒன்றைக் கலந்து, எது தப்பாக வைக்கப்பட்டது என்று தேடவிட்டோம். பக்கத்து மாவட்டத்து வௌவால் இருபத்து நான்கு ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்ததை அவர்கள் தம் சொந்தக்காரருக்கு நேர்ந்தது போல எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியாக, பெற்றோருடன் ஒரு மாலை கண்மாய்க்கரைக்குப் போனோம். மரத்துக்கு நேர் கீழே நிற்காமல் ஐம்பது அடி தள்ளிச் சாக்கு விரித்து உட்கார்ந்து, பறந்து போகும் பழந்தின்னிகளைப் பத்துப் பத்தாக எண்ணி, பத்துக்கு ஒரு புளியங்கொட்டையைச் சிரட்டையில் போடச் சொன்னோம். நான்கு குழுக்களின் கொட்டைகளும் ஒத்துப்போகவில்லை. மரத்தின் நான்கு பக்கங்களைப் பிரித்துக் கொடுத்தால் சரியாக வரும். ஒரு மணி நேரத்தில் ஒரு வௌவால் ஆயிரம் கொசுக்களைத் தின்னும் என்று கடையில் விற்கும் சார்ட்டில் அச்சிட்டிருந்ததை நான் மாட்டவில்லை. அந்த எண், மூடிய அறைக்குள் சில நிமிடங்கள் நடந்த வேட்டையை மணிக்கணக்காகப் பெருக்கி வந்தது.

மொத்தச் செலவு: குழாய் 840, டார்ச்சும் கண்ணாடித் தாளும் 150, குடை 120, எம்-சீலும் வால்வ் ட்யூபும் 60, எதிரொலிக் கருவிகள் 990, சார்ட், ஹாட் குளூக் குச்சி, நரம்பு முதலியவை 300, கரும்பு 60; ஆக 2,520 ரூபாய். ஐந்தடிக் குகையாக்கினால் 420 குறையும். அந்தப் பணத்தோடு இன்னும் 75 ரூபாய் போட்டால் மூன்றாவது சோப்பு டப்பா ஒன்று செய்யலாம், ஏனென்றால் இரண்டு டப்பாவுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில்தான் சண்டை வந்தது. அடுத்த முறை குகையைச் செயல்பாடுகளின் தொடக்கத்தில் கட்டாமல், குடையும் சருகும் முடிந்தபின் கட்டுவேன். சிறகோடும் காதோடும் உள்ளே போகும் பிள்ளைக்கு அங்கே செய்ய வேலை இருக்கும்.

எல்லாவற்றையும் இரண்டு சாக்குகளில் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். பேட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கசிந்து தாங்கியை அரித்துவிடும். சேலைகளுக்காகப் பாச்சா உருண்டை போடுவதானால் மணக் குப்பிகளை வேறு அறையில் வைக்க வேண்டும். குடைத்துணியும் அந்த வாடையைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் சாக்குக்குள் காய்ந்த வேப்பிலையை மட்டும் போட்டிருக்கிறோம்.